டெல் மடிக்கணினி இயக்கியில் பஃபரின் உடைமை: ஒரு வடிவமைப்பு விசாரணை

ஒரு நிரலின் தூய்மையை அதன் வரிகளின் சுருக்கத்தைக் கொண்டோ, செயற்கூறுகளுக்கு இட்ட பெயர்களின் பொருத்தத்தைக் கொண்டோ அளந்துவிடலாம் என்ற அபிப்பிராயம் நிரலாளரிடையே பரவலாக இருந்து வருகிறது. அது முற்றிலும் தவறென்று சொல்வதற்கில்லை. ஆயினும், வன்பொருளோடு நேருக்கு நேர் பேசவேண்டிய இயக்கி நிரல்களைப் பொறுத்தவரை, இந்த நினைவிடம் யாருடையது, அதைப் பூட்டுகிறவர் யார், துடைக்கிறவர் யார், காரியம் முடிந்ததும் விடுவிக்கிறவர் யார் என்ற வினாக்களுக்கு அந்நிரல் ஐயத்துக்கு இடமின்றி விடை தருகிறதா என்பதே தூய்மையின் முதற் பிரமாணம் என்று நான் கருதுகிறேன். இக்கருத்துக்குச் சான்றாக, லினக்ஸ் கெர்னலில் 2009-ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் டெல் மடிக்கணினி இயக்கியின் பஃபர் பட்ட பாட்டை எடுத்துக்கொள்கிறேன். ஒன்பது ஆண்டுகளில் அந்தப் பஃபர் ஓரிடத்தை விட்டுப் புறப்பட்டு, வேறோரிடத்தில் நெடுநாள் குடியிருந்து, மறுபடியும் முதலிடத்துக்கே வந்து சேர்ந்தது. ஆனால் திரும்பி வந்தபோது அதைச் சுற்றியிருந்த ஒழுங்கு வேறாக இருந்தது.

மடிக்கணினியின் கம்பியில்லா இணைப்பை அணைப்பதும், விசைப்பலகையின் அடியில் எரியும் விளக்கை ஏற்றுவதும் இயக்குதளம் தன் சுயேச்சையாகச் செய்துவிடக்கூடிய காரியங்கள் அல்ல. அவை பயாஸ் என வழங்கும் ஃபர்ம்வேரின் ஆதீனத்தில் இருப்பவை. டெல் இயந்திரங்களில் ஃபர்ம்வேரிடம் விண்ணப்பிக்கும் முறை ஒரு சிறிய கட்டுருவின் வழியாக நடைபெறுகிறது. அதன் மொத்த நீளம் 36 பைட்: வகுப்பு எண்ணுக்கு 2, தேர்வு எண்ணுக்கு 2, பிறகு நாலு பைட் கொண்ட உள்ளீட்டு எண்கள் நான்கு, அவ்வாறே வெளியீட்டு எண்கள் நான்கு. வகுப்பு 17, தேர்வு 11 என்று குறித்தால் அது கம்பியில்லாக் கருவிகளைப் பற்றிய விண்ணப்பம். வகுப்பு 4, தேர்வு 11 என்றால் விசைப்பலகை விளக்கைப் பற்றியது. இதனை நினைவகத்தில் ஓரிடத்தில் எழுதி, அவ்விடத்தின் பௌதிக முகவரியைச் செயலியின் பதிவகம் ஒன்றில் வைத்து, எஸ்எம்ஐ எனப்படும் விசேஷக் குறுக்கீட்டைக் கிளப்பினால், செயலி தான் செய்துகொண்டிருந்த சகல வேலைகளையும் அப்படியே நிறுத்திவிட்டு, இயக்குதளத்தின் கண்ணுக்கு எட்டாத ஒரு நிலைக்குள் நுழைகிறது. ஃபர்ம்வேர் அந்த முகவரியைப் படித்து, விடையையும் அதே 36 பைட்டுக்குள் எழுதிவைத்துவிட்டு வெளியேறுகிறது. அந்த நிலையில் ஃபர்ம்வேர் எங்கே எழுதுகிறது என்பதைத் தடுக்கவோ திருத்தவோ கெர்னலுக்கு எவ்வித அதிகாரமும் கிடையாது. பஃபரைப் பற்றி இவ்வளவு விஸ்தாரமாக விசாரிப்பது அநாவசியம் என்று எண்ணுகிறவர்கள் இந்த ஒன்றை மனத்தில் கொள்ளவேண்டும்.

மேத்யூ காரெட் 2009-இல் எழுதிய முதல் வடிவத்தில் பஃபர், அதைப் பயன்படுத்தும் செயற்கூறின் உள்ளூர் மாறியாக, அடுக்கு நினைவகத்தில் இருந்தது. படிப்பதற்கு அது எளிமையானது. செயற்கூறு தொடங்கும்போது பிறந்து, முடியும்போது மறைகிறது. உடைமையைப் பற்றிக் கேள்வியே எழுவதில்லை. ஆனால் எஸ்எம்ஐ வழியாக அனுப்பக்கூடிய முகவரி 32 பிட் நீளமுடையது. ஆகவே, 4 ஜிபிக்கு மேற்பட்ட நினைவகம் கொண்ட இயந்திரம் ஒன்றில் அந்த அடுக்கு 4 ஜிபி எல்லைக்கு அப்பால் அமைந்துவிட்டால், முகவரியின் மேற்பகுதி வெட்டுண்டு போய், ஃபர்ம்வேர் சம்பந்தமே இல்லாத வேறோரிடத்தில் தன் விடையை எழுதிவிடும். 2010-இல் இது கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது. 4 ஜிபிக்குக் கீழே ஒரு பக்கத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிக்கொண்டு, இயக்கியின் எல்லாச் செயற்கூறுகளும் அந்த ஒரே பக்கத்தைப் பொதுவில் உபயோகிக்கலாயின. பலர் கைபடும் பொருளாதலால் அதற்கு ஒரு பூட்டும் வந்தது.

இங்கேதான் வடிவமைப்பின் தவறு நுழைந்தது என்பது என் வாதம். 2010-ஆம் ஆண்டின் திருத்தம் அவசியமானது. அதன் அடிப்படையும் பிழையற்றது. ஆனால், 'முகவரி 32 பிட்டுக்குள் அடங்கவேண்டும்' என்பது ஃபர்ம்வேரின் வாசலில் நின்று பேசும் அடிமட்டச் செயற்கூறு ஒன்றுக்கு மட்டுமே உரிய நிர்ப்பந்தம். அதை, விளக்கேற்றவும் இணைப்பை அணைக்கவும் வந்த மேல்மட்டச் செயற்கூறுகள் அனைத்தின் தலையிலும் சுமத்தியதனால், அவை ஒவ்வொன்றும் தம் வேலையோடு பூட்டையும் துடைப்பையும் விடுவிப்பையும் சேர்த்துச் செய்யவேண்டியதாயிற்று.

அக்காலத்து நிரலில் கம்பியில்லா இணைப்பை மாற்றும் செயற்கூறைச் சற்று அருகிருந்து பார்ப்போம். முதலில் 'கெட் பஃபர்' என்பதை அழைக்கிறது. அது பூட்டைப் போட்டு, பக்கத்தைத் துடைத்து, சுட்டைக் கையில் கொடுக்கிறது. பின்னர் 17, 11 என்று விண்ணப்பம் போகிறது. வெளியீட்டின் முதல் எண் பிழைக்குறி, இரண்டாம் எண் நிலவரம். பிழையில்லையெனில் 'கிளியர் பஃபர்' என்று மறுபடி ஒரு துடைப்பு. உள்ளீட்டின் முதலிடத்தில் 2 என்று எழுதி இரண்டாம் விண்ணப்பம். அதன் விடையிலிருந்து எந்தெந்தக் கம்பியில்லாக் கருவிகள் இயந்திரத்தின் பொத்தானுக்குக் கட்டுப்பட்டவை என்பதை அறிதல். மீண்டும் ஒரு துடைப்பு. வேண்டிய மாற்றத்தைப் பிட் பிட்டாகக் கோத்து மூன்றாம் விண்ணப்பம். இறுதியில், நடுவில் எந்த வழியாகத் தவறி வந்தாலும் வந்து சேரவேண்டிய 'அவுட்' என்ற முனையில், 'ரிலீஸ் பஃபர்' என்று பூட்டைத் திறத்தல். ஆக, ஒரு காரியத்துக்கு மூன்று விண்ணப்பங்கள். அவற்றிடையே ஞாபகம் வைத்திருந்து செய்யவேண்டிய துடைப்புகள் இரண்டு. எவ்வழியாக வெளியேறினாலும் தவறாமல் செய்யவேண்டிய விடுவிப்பு ஒன்று. துடைப்பு ஒன்று விட்டுப்போனால் முன்னைய விண்ணப்பத்தின் எச்சம் அடுத்ததில் உள்ளீடாகப் போய்விடும். விடுவிப்பு விட்டுப்போனாலோ, அடுத்து வருகிற எவரும் பூட்டுக்கு வெளியே முடிவின்றிக் காத்துக்கிடக்க நேரும். தோட்டத்து லயத்தில் குழாயடிக்கு ஒரே வாளி என்றிருந்தால், தண்ணீர் பிடிக்கும் வேலையைவிட வாளியைக் கழுவினாயா, திருப்பி வைத்தாயா என்ற விசாரணையே பெரிதாகிவிடுவது போன்றது இது.

2016-இல் மிகாவ் கெம்பியென் இப்பகுதியைத் தனியே பிரித்து, எஸ்எம்பயாஸ் என்ற தனிக்கூறாக அமைத்தார்; அது 4.6 வெளியீட்டில் இடம்பெற்றது. இயக்கிக்குள்ளே அடைபட்டிருந்த வசதி, டெல்லின் வேறு இயக்கிகளுக்கும் பயன்பட்டதால் இது முன்னேற்றமே. ஆனால் அந்தப் பிரிவினையோடு 'கெட்', 'கிளியர்', 'ரிலீஸ்' ஆகிய மூன்றும் வெளியார் அழைக்கக்கூடிய பொதுச் செயற்கூறுகளாகவும் ஆகிவிட்டன. ஒரு கோப்புக்குள் இருந்தவரை ஒருவர் கண்பார்வையில் இருந்த ஒப்பந்தம், இப்போது கோப்புகளைத் தாண்டிப் பரவிற்று. பூட்டு ஒரு கூறில். அதைப் பிடித்திருப்பவர் மற்றொரு கூறில். கெம்பியென் செய்ததில் குறை காண்பதற்காக இதைச் சொல்லவில்லை. இருந்த வடிவத்தைச் சிதைக்காமல் இடம்மாற்றுவது என்ற எல்லைக்குள் அவர் நின்றார். அந்த எல்லையும் நியாயமானது. ஒரே திருத்தத்தில் இடத்தையும் இலக்கணத்தையும் சேர்த்து மாற்ற முனைகிறவர்களுக்கு என்ன நேரும் என்பதைப் பின்னால் காண்போம்.

இவ்விடத்தில் அறிஞர்கள் ஓர் ஆக்ஷேபம் எழுப்பக்கூடும். 2023-இல் வெளிவந்த 6.5 கெர்னலில், ஒரு மாறி தன் எல்லையை விட்டு நீங்கும்போது பூட்டு தானாகவே திறந்துகொள்ளும் வசதி வந்துவிட்டதே. அதைக் கொண்டு 'ரிலீஸ்' மறந்துபோகும் அபாயத்தைத் தீர்த்துவிடலாமே. அப்படியிருக்கப் பொதுப் பஃபர் என்ற அமைப்பையே ஏன் குறைகூற வேண்டும் என்பார்கள். மறதிக்கு அது நல்ல மருந்து என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நோய் மறதி மட்டுமன்று. மேற்கண்ட செயற்கூறு தன் மூன்று விண்ணப்பங்களுக்கும் இடைப்பட்ட சிந்தனை நேரம் முழுவதிலும் பூட்டைக் கையில் வைத்திருக்கிறது. எஸ்எம்ஐ நடக்கும் கணத்துக்கு மட்டுமே தேவைப்படும் பாதுகாப்பு, அதற்கு முன்னும் பின்னும் நீள்கிறது. மேலும், விடையைப் படிக்கும் வரை அந்த விடை பொதுச்சொத்திலேயே கிடக்கிறது. தானே திறக்கும் பூட்டு இவ்விரண்டில் எதையும் நிவர்த்திப்பதில்லை.

தீர்வு 2017-இல், டெல் நிறுவனத்தைச் சேர்ந்த மாரியோ லிமோன்செல்லோவின் கைவழியாக வந்தது. 2018 ஜனவரியில் வெளியான 4.15 கெர்னலில் அது சேர்ந்தது. அவருடைய பிரதான உத்தேசம் பஃபரைச் சுத்தப்படுத்துவது அன்று. புதிய இயந்திரங்களில் எஸ்எம்ஐக்குப் பதிலாக டபிள்யூஎம்ஐ என்ற வேறு வாசல் வழியாகவும் அதே விண்ணப்பத்தை அனுப்பவேண்டியிருந்தது. வாசல் இரண்டானபோது, எந்த வாசலென்று தீர்மானிக்கும் அனுப்புநர் ஒருவர் நடுவே தேவைப்பட்டார். அவ்வாறு நடுவே ஒருவர் வந்தவுடன், 4 ஜிபி நிர்ப்பந்தம் எஸ்எம்ஐ வாசலுக்கு மட்டுமே உரியதென்ற உண்மை தானாகவே வெளிப்பட்டது. டபிள்யூஎம்ஐ வாசலுக்கு அந்தக் கட்டுப்பாடே கிடையாது.

இப்போது எஸ்எம்ஐ வாசலின் செயற்கூறு செய்வது இதுதான்: தன் பூட்டைப் போடுகிறது, அழைத்தவர் கொடுத்த 36 பைட்டைத் தன் சொந்தத் தாழ்பக்கத்துக்கு நகலெடுக்கிறது, குறுக்கீட்டைக் கிளப்புகிறது, விடையை அழைத்தவரின் இடத்துக்கே நகலெடுத்துத் தருகிறது, பூட்டைத் திறக்கிறது. ஐந்தாறு வரிகளில் முழு ஒப்பந்தமும் அடங்கிவிட்டது. தாழ்பக்கம் ஒன்று இருக்கிறதென்பதே மேலே இருப்பவருக்குத் தெரியவேண்டியதில்லை. 4.15-இல் மடிக்கணினி இயக்கி மட்டும் பழக்கதோஷத்தால் தனக்கென்று ஒரு பொதுப் பஃபரை இன்னும் வைத்திருந்தது. சக நிரலாளர் பாலி ரோஹாரின் யோசனையை ஏற்று அதையும் அப்புறப்படுத்தினார் லிமோன்செல்லோ. தாழ்நினைவகம் இனித் தேவையில்லை என்பதும், பல செயற்கூறுகள் ஒரே பஃபரில் வேலை செய்தால் விடைகள் கலந்துபோகக்கூடும் என்பதும் அவர் காட்டிய காரணங்கள். இன்றைய நிரலில் பஃபர் மறுபடியும் செயற்கூறின் உள்ளூர் மாறியாகவே இருக்கிறது. 'ஃபில் ரிக்வஸ்ட்' என்ற செயற்கூறு அதைத் துடைத்து நான்கு உள்ளீடுகளையும் இடுகிறது. 'செண்ட் ரிக்வஸ்ட்' அனுப்பிவிட்டு, வெளியீட்டின் முதல் எண்ணைக் கெர்னலின் பிழைக்குறிகளாக மாற்றித் தருகிறது. துடைப்பதும் நிரப்புவதும் ஒரே செயலாகிவிட்டபடியால், துடைக்க மறப்பது என்பதற்கே வழியில்லாமல் போயிற்று. எனக்கு இந்தக் கோப்பில் மிகவும் பிடித்த மாற்றம் இந்தச் சிறிய இணைப்புத்தான்.

நகலெடுப்பதனால் வேகம் குறையாதா என்று கேட்பவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செயலி முழுவதையும் நிறுத்தி ஃபர்ம்வேருக்குள் போய்வரும் காலத்தின் முன்னே, 36 பைட்டை இருமுறை நகலெடுக்கும் காலம் கணக்கில் சேராது.

ஆயினும் இந்தத் தூய்மைப்படுத்தல் ஒரு விலையைக் கேட்காமல் முடியவில்லை. இவ்வரலாற்றில் நாம் கற்கவேண்டியதில் பாதி அதிலேயே அடங்கியிருக்கிறது. பொதுப் பஃபரை அகற்றிய அதே மாற்றத்தில், விசைப்பலகை விளக்கின் தற்போதைய நிலையைக் கேட்கும் விண்ணப்பத்தின் முதல் உள்ளீடு 1 என்று இருக்கவேண்டிய இடத்தில் 0 என்று ஆகிவிட்டது. இயக்கியின் தலைப்பிலுள்ள விளக்கவுரையின்படி, விளக்கைப் பற்றிய விண்ணப்பத்தில் முதல் உள்ளீடு 0 என்றால் 'இந்த இயந்திரம் எவ்வெவ்விதமான விளக்குமுறைகளை ஏற்கும்' என்ற தன்மை வினா. 1 என்றால் 'இப்போது எந்த முறை நடப்பில் இருக்கிறது' என்ற நிலை வினா. 2 என்றால் புதிய நிலையை அமைக்கும் கட்டளை. நிலையைக் கேட்கப் போனவர் தன்மையைக் கேட்டுவிட்டார். ஃபர்ம்வேரும் கேட்ட கேள்விக்குச் சரியான விடையையே அளித்தது, பிழைக்குறி பூச்சியம், எங்கும் எச்சரிக்கை இல்லை. இரு விடைகளும் ஒரே வடிவத்தில், கீழ் 16 பிட்டுகளில் முறைகளைக் குறிப்பவை. நிலையைப் படிக்கும் செயற்கூறு அவற்றுள் எழுந்து நிற்கும் முதல் பிட்டை நடப்பு முறையாக எடுத்துக்கொள்ளும். தன்மைப் பட்டியலிலோ முதல் பிட் 'எப்போதும் அணைந்திருத்தல்' என்பதற்கு உரியது. ஆகவே, எல்லா முறைகளையும் ஏற்கும் இயந்திரம் ஒன்று, எதையும் ஏற்றாத இயந்திரமாக இயக்கியின் கண்ணுக்குத் தோன்றும் என்று அனுமானிக்கலாம். லாட்டிட்யூட் இ6540 வைத்திருந்த பயனர் ஒருவர் 2018-இல் இதைக் கண்டுபிடித்து, 0 என்பதை 1 என்று மாற்றி அனுப்பிய திருத்தத்தால் விளக்கு மீண்டும் எரிந்தது.

இதைக் கைத்தவறு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் பழைய நிரலில் 'உள்ளீடு முதலிடம் = 1' என்று தனி வரியாக நின்ற எண், புதிய நிரலில் நான்கு அளபுருக்களின் வரிசையில், மூன்று பூச்சியங்களுக்குப் பக்கத்தில் பெயரில்லாமல் நிற்கிறது. பூச்சியங்களின் நடுவே இன்னொரு பூச்சியம் வந்து நின்றால் எந்தக் கண்தான் பிடிக்கும்? லிமோன்செல்லோவே வகுப்புக்கும் தேர்வுக்கும் பெயர்கள் சூட்டியிருந்தார். 4, 11 என்ற வெற்றெண்கள் அவர் கையில் விசைப்பலகை விளக்கு என்று படிக்கக்கூடிய பெயர்களாயின. அந்த நன்மை முதல் உள்ளீட்டுக்கு நீளவில்லை. திருத்தம் செய்தவரும் எண்ணை மாற்றினாரேயன்றிப் பெயர் சூட்டவில்லை. உடைமையைச் சுத்தம் செய்தவர்கள் பொருளைச் சுத்தம் செய்யாமல் விட்டார்கள் என்பதே என் குறை.

மலேசியாவின் ஜோகூர் மாநிலத்துச் சிம்பாங் ரெங்கத்திலிருந்து எழுதுகிற எனக்கு, இந்த இ6540 என்ற பெயர் வெறும் மாதிரி எண்ணாகத் தோன்றுவதில்லை. குளுவாங் மாவட்டத்து இச்சிறுநகரிலும் சுற்றியுள்ள தோட்டப்புறங்களிலும், அலுவலகங்கள் கழித்துவிட்ட மடிக்கணினிகளே படிக்கும் பிள்ளைகளின் கைக்கு வந்து சேருகின்றன. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிக்கூடம் வீட்டுக்குள் நுழைந்தபிறகு இது இன்னும் அதிகமாயிற்று. பெருநகரத்தில் மூன்றாண்டில் மூலைக்குப் போகும் இயந்திரம் இங்கே பத்தாண்டு உழைக்கும். அப்படி உழைக்கும் இயந்திரத்தில் லினக்ஸை ஏற்றிக்கொள்ளும் மாணவனுக்கு, பழைய மாதிரிகளைப் புதிய மாற்றம் ஒன்று ஓசையின்றி உடைத்துவிடாமல் இருப்பதுதான் நிரல் தூய்மையின் நேரடிப் பிரயோஜனம். டெல் தன் ஆசிய வாடிக்கையாளருக்கான ஆலையை 1996-இல் பினாங்கில் நிறுவியது; 2007-இல் தமிழகத்து ஸ்ரீபெரும்புதூரிலும் ஆலை தொடங்கிற்று. இயந்திரத்தைப் பூட்டிச் சேர்த்த கைகளில் நம்மவர் கைகளும் உண்டு. அதன் இயக்கியைப் படித்த கண்கள்தாம் நம்மிடையே குறைவு.

ஒப்புநோக்குக்காக எச்பி மடிக்கணினிகளின் இயக்கியையும் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது. அதில் விண்ணப்பத்தைக் கொண்டுசெல்லும் செயற்கூறு தனக்கு வேண்டிய நினைவிடத்தைத் தானே ஒதுக்கித் தானே விடுவிக்கிறது. ஃபர்ம்வேர் குறைவாக விடை தந்தால், வந்ததை மட்டும் நகலெடுத்து, எஞ்சிய இடத்தைப் பூச்சியத்தால் நிரப்பியும் விடுகிறது. இந்த ஜாக்கிரதை பாராட்டுக்குரியது. ஆனால் அழைப்பவர் கொடுக்கும் பஃபர் வகையற்ற சுட்டு ஒன்று. உள்ளீட்டின் அளவும் வெளியீட்டின் அளவும் தனித்தனி எண்கள். வெளியீட்டின் அளவு 0, 4, 128, 1024, 4096 என்ற படிகளில் எதற்குள் விழுகிறதோ அதற்கேற்ப ஃபர்ம்வேரின் வெவ்வேறு முறை அழைக்கப்படுகிறது. அளவு என்பது இங்கே வெறும் அளவாக இல்லை. அதுவே கட்டளையின் பகுதியாகவும் ஆகிவிட்டது. 2022-இல் இதன் விளைவு தெரிந்தது: வாசிப்புக் கேள்விகள் சிலவற்றுக்கு உள்ளீட்டின் அளவு பூச்சியமாக இல்லாவிட்டால் சில இயந்திரங்கள் 5 என்ற பிழையைத் திருப்பின, அவ்வாறு பூச்சியம் அனுப்புவதை வேறு சில இயந்திரங்கள் ஏற்பதில்லை. எனவே, தொடக்கத்திலேயே ஒருமுறை சோதித்து, இயந்திரத்துக்குத் தக்கபடி பூச்சியத்தையோ உண்மை அளவையோ இடும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. டெல் இயக்கியில் நிலையான 36 பைட் கட்டுரு இருந்ததனால் இந்த வகைத் துன்பம் அங்கே தலைகாட்டவில்லை. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், உடைமையில் எச்பி முன்னதாகவே தேறியது. வடிவத்தில் டெல் தேறியது. பொருளுக்குப் பெயரிடுவதில் டெல் பாதிவழியில் நிற்கிறது என்று மதிப்பிடலாம்.

ஆகவே நான் பரிந்துரைப்பது புதியதோர் அமைப்பு அன்று. டெல் இயக்கியின் இன்றைய ஏற்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு, விளக்கைப் பற்றிய 0, 1, 2 என்ற மூன்று வினாக்களுக்கும், கம்பியில்லா இணைப்பின் வினாக்களுக்கும், வகுப்புகளுக்கு இட்டதுபோலவே பெயர்களை இடவேண்டும். ஒவ்வொரு வினாவுக்கும் தன் அளபுருக்களைத் தானே அறிந்த சிறு செயற்கூறு ஒன்று அமையவேண்டும். அவ்வாறு அமைந்தால் நிலையைக் கேட்பவர் தன்மையைக் கேட்டுவிடுவது எழுதும்போதே கண்ணில் படும். ஒரே திருத்தத்தில் உடைமையையும் அழைப்பின் வடிவத்தையும் சேர்த்து மாற்றாமல், இரண்டு திருத்தங்களாகப் பிரித்து அனுப்பும் வழக்கமும் வேண்டும். இ6540-இன் விளக்கை அணைத்தது அந்தச் சேர்க்கையே.

இக்கோப்புகள் யாவும் ஜிபிஎல் உரிமத்தின் கீழ், கெர்னலின் எக்ஸ்86 இயங்குமேடைக்கான பகுதியில், எவரும் எடுத்துப் படிக்கும்படி திறந்தே கிடக்கின்றன. ஜோகூர்க் கல்லூரிகளில் நிரலாக்கம் கற்பிக்கும் ஆசிரியர்கள், பஃபரைப் பற்றிய பாடத்துக்குக் கற்பனை உதாரணம் தேடுவதை விட்டு, 2009, 2010, 2016, 2018 ஆகிய ஆண்டுகளின் இந்த நான்கு வடிவங்களையும் மாணவர் முன் வைக்க வேண்டுமென்றும், பழைய லாட்டிட்யூட் கையில் உள்ளவர்கள் பெயரிடும் திருத்தத்தைத் தாமே எழுதித் தம் இயந்திரத்திலேயே சோதித்து அனுப்ப முன்வரவேண்டுமென்றும் கேட்டுக்கொள்கிறேன்.